நாய் நிலவரம்

1963 மார்ச் 4, திங்கள்

காலையிலேயே வெயில். ரிவர்ஸ்டன் மலைப் பக்கம் மட்டும் கொஞ்சம் மூட்டம். இடது கெண்டைக்கால் வீக்கம். நான்கு பல், அதில் இரண்டு ஆழம்.

நேற்று நடந்தது. பிள்ளைகளின் கொப்பிகளுக்கு உறை போடப் பழைய பேப்பர் வாங்கத் தேயிலைத் தோட்டத் துரையின் பங்களாவுக்குப் போனேன். அண்ணன் அங்கே சமையல்காரர். குசினி வாசலில் துரையின் பழுப்பு நாய். குரைக்கவே இல்லை, நேரே வந்து கடித்தது. குரைக்கிற நாய் கடிக்காது என்று வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறவன் நான். குரைக்காத நாயைப் பற்றிப் பாடத்தில் ஒன்றுமில்லை.

அண்ணன் சுண்ணாம்பு அப்பி அனுப்பினார். வீட்டில் மனைவி கமலம் அதைக் கழுவி எறிந்துவிட்டுச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்தாள். வலியில் உயிர் போனது.

அண்ணன் சொன்னது: "யாருக்கும் சொல்லிக்கிட்டுத் திரியாத தம்பி. முள்ளுக்கம்பி கிழிச்சிருச்சுன்னு சொல்லு. நாயக் கட்டிப் போடுறது என் வேல. அவுத்து விட்டேன்னு தெரிஞ்சா தொர வெரட்டிருவாரு. அது ஊசி போட்ட நாயிதான். கழுத்துல தகடு கெடக்கு."

இரத்தோட்டையிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே மாத்தளை ஆஸ்பத்திரி. டாக்டர் சிங்களத்தில் கேட்டார், நானும் சிங்களத்தில் சொன்னேன். தகடு பற்றியும் சொன்னேன். ஊசி போட்ட நாய்க்கும் வெறி வரலாமாம். ஊசி பழசாகியிருக்கலாம், சரியாகப் பிடிக்காமலும் போயிருக்கலாம். "தகட்டைப் பார்க்காதே, நாயைப் பார்" என்றார். பத்து நாள் கட்டி வைத்துப் பார்க்க வேண்டும். பத்தாம் நாளும் நாய் நன்றாக இருந்தால் எனக்குப் பயமில்லை. அதுவரை ஊசி. முழுக்கப் போட்டால் 14, தினம் ஒன்று, வயிற்றில்.

ஊசி 1. தொப்புளுக்கு வலப்பக்கம்.

நாயைப் பார்ப்பது அண்ணன் பொறுப்பு. தினமும் மாலையில் வந்து சொல்வார்.

மார்ச் 5, செவ்வாய்

ஊசி 2. பள்ளியைப் பத்தரைக்கே முடித்தேன். தோட்டத்துப் பெரிய கிளாக்கரிடம் சொன்ன காரணம் வயிற்றுக் கோளாறு. பொய்யில்லை.

3ஆம் வகுப்புக்கு ஏழாம் வாய்ப்பாட்டில் இன்னும் தடுமாற்றம். சாக்கட்டி இரண்டு பெட்டி கேட்டு எழுத வேண்டும்.

நாய் நிலவரம் (இனி நா.நி.): பாண் ரொட்டியும் பாலும். வாலாட்டியதாம்.

மார்ச் 7, வியாழன்

ஊசி 4. வயிறு முழுவதும் கட்டி கட்டியாக. உட்கார்ந்தால் எழ முடியவில்லை, எழுந்தால் உட்கார முடியவில்லை. எங்கள் பாப்பாவைத் தூக்கக்கூடக் குனிய முடியாது. ஊசி போடுகிற முஸ்லிம் ஆள், நானா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவது, சிரித்தார்: "ஆட்டு மூளையில செய்ற மருந்து வாத்தியார். அதான் இந்தப் பாடு."

நா.நி.: சோறு பாதி மிச்சம். வெயிலுக்கு மந்தமாக இருக்கிறதாம்.

மார்ச் 8, வெள்ளி

ஊசி 5. அண்ணன் விளக்கு வைத்த பிறகுதான் வந்தார். இரண்டு செம்பு தண்ணீர் குடித்தார். உட்காரவில்லை.

நா.நி.: "நல்லா இருக்குடா. ஈரல அவிச்சுப் போட்டேன். தட்ட நக்கிருச்சு."

மார்ச் 9, சனி

டாக்டர் துருவித் துருவிக் கேட்டார். தின்கிறதா, தண்ணீர் குடிக்கிறதா, எச்சில் ஒழுகுகிறதா, குரல் மாறியிருக்கிறதா. நேற்று ஈரல் தின்றது என்றேன். கடித்தபோது வெறி இருந்திருந்தால் இதற்குள் படுத்திருக்குமாம். இந்த ஊசியே அபூர்வமாகச் சிலருக்குக் கை காலை இழுத்துவிடும், தேவையில்லாமல் போடுவதில்லை. நிறுத்திவிட்டார். "நாய்க்கு என்ன ஆனாலும், காணாமல் போனாலும், அன்றைக்கே ஓடி வா."

சந்தோஷம். வரும்போது பஸ்ஸில் உட்கார இடமும் கிடைத்தது. கமலத்துக்குச் சிவப்பு ரிப்பன், பாப்பாவுக்குக் கிலுகிலுப்பை.

கமலம் கேட்டாள்: "ஒரு தடவ அந்த நாயக் கண்ணால பாத்துட்டு வாங்களேன்." எனக்குக் கோபம் வந்துவிட்டது. அண்ணன் சொன்னால் போதாதா என்று கத்தினேன். பாப்பா அழுதது.

நா.நி.: ஆட்டெலும்பு.

மார்ச் 10, ஞாயிறு

மாத்தளைக் கோயில் தேர். கூட்டத்தில் செருப்பு ஒன்று போனது. மற்றதையும் கழற்றிப் போட்டுவிட்டு வந்தேன். கமலத்துக்கு நேற்றைய கோபம் இன்னும் ஆறவில்லை.

நா.நி.: மீன் தலை.

மார்ச் 13, புதன்

பத்தாம் நாள். மத்தியானம் ஒரு தூறல்.

நா.நி.: நேற்றுக் கோழிக்கால். இன்று துரைக்குச் செய்த புட்டிங்கில் மிச்சம்.

அண்ணன் என் தலையில் கை வைத்து, "பயந்துட்டியாடா?" என்றார். அப்பா சாகும்போது எனக்கு ஆறு வயது. சோறூட்டியது, மாத்தளையில் விட்டுப் படிக்க வைத்தது எல்லாம் இந்தக் கைதான். இனி நா.நி. எழுத வேண்டியதில்லை.

மார்ச் 17, ஞாயிறு

ஒன்றும் விடாமல் வரிசையாக எழுதிவிட வேண்டும்.

காலையில் முனியாண்டி வந்தார். பங்களாப் பூந்தோட்டத்தில் வேலை. திருச்சிப் பக்கம் இருக்கும் தங்கச்சிக்குக் கடிதம் எழுத வேண்டும். நான்தான் எல்லோருக்கும் எழுதுவது. அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். நாங்கள் சுகம், உங்கள் சுகத்துக்கு அறியவும். மூத்தவள் பெரியமனுஷியாகிவிட்டாள். மழை இல்லை, கொழுந்தும் இல்லை. பிறகு இது:

"தொர வீட்டு நாயி செத்துப்போச்சு. தேருக்கு முந்தின வெள்ளிக்கெழம. வாயில நொர தள்ளி, சங்கிலியக் கடிச்சுக் கடிச்சுப் பல்லு ஒடஞ்சு, தொரயே துவக்கால தலையில சுட்டுட்டாரு. நாந்தான் ஏலக்காக் காட்டுல பொதச்சேன்."

"நுரை தள்ளி" வரைக்கும் எழுதிவிட்டேன். அதற்கு மேல் பேனா ஓடவில்லை.

"ஏன் சார் நிப்பாட்டிட்டீங்க?"

எந்த வெள்ளி என்று திரும்பக் கேட்டேன். அதே வெள்ளி, 8ஆம் தேதி. அப்போதுதான் அவருக்கு உறைத்தது. "வெளிய சொல்லக்கூடாதுன்னாங்க சார். ஊருக்குத்தானே எழுதுறோம், இங்க யாருக்கும் சொல்லலயேன்னு நெனச்சேன்." அவரைக் குற்றம் சொல்லி என்ன? எனக்குக் கடிபட்டது அவருக்குத் தெரியவே தெரியாது.

அவர் போனதும் இந்தக் கொப்பியைப் புரட்டினேன். 8ஆம் தேதி ஈரல். 9 எலும்பு. 10 மீன் தலை. பிறகு கோழிக்கால், புட்டிங். கைதேர்ந்த சமையல்காரர். செத்த நாய்க்கு ஆறு நாள் விதவிதமாகச் சமைத்துப் போட்டிருக்கிறார். நானும் உட்கார்ந்து அழகான கையெழுத்தில் குறித்து வைத்திருக்கிறேன்.

மாலை. அண்ணன் வீட்டுக்கே போனேன். ஒன்றையும் மறுக்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"ஊசி போட்ட நாய்க்கு அந்த நோவு வராதுன்னு நெனச்சேன்டா."

"நொர தள்ளுனதப் பாத்தீங்கல்ல அண்ணே?"

"பாத்தேன்."

"பாத்துட்டு வந்துதான் ஈரல்னு சொன்னீங்களா?"

"ஒனக்குத்தான் அஞ்சு ஊசி போட்டாச்சே. மொத ஊசிங்கதான் முக்கியம், மிச்சம் சும்மா பேருக்குன்னு நெனச்சேன். நான் அவுத்து விட்டது தெரிஞ்சா வேல போயிரும். மூணு பொட்டப் புள்ளைங்கடா."

திரும்பி வந்துவிட்டேன். வாசல் வரை கூடவே வந்தார். என்ன பேசினார் என்று காதில் விழவில்லை.

மார்ச் 18, திங்கள்

முதல் பஸ். டாக்டர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நாயின் தலையைக் கொழும்புக்கு அனுப்பியிருந்தால் நிச்சயமாகத் தெரிந்திருக்கும். சுட்டுப் புதைத்துப் பத்து நாளாகிவிட்டது, இனி அதில் ஒன்றுமில்லை.

அவர் சொன்னதை அப்படியே குறிக்கிறேன். விஷம் காலிலிருந்து நரம்பு வழியாக மெல்ல மூளைக்கு ஏறும். அது போய்ச் சேருவதற்குள் ஊசி உடம்பைத் தயார்ப்படுத்த வேண்டும். ஐந்து ஊசி அதற்குப் போதாது. கடி காலில் என்பதும், உடனே சோப்புப் போட்டுக் கழுவியதும் நல்லது. ஒன்பது நாள் வீணானது கெட்டது. நோய் வெளியே தெரிந்துவிட்டால் எந்த ஊசியும், எந்த டாக்டரும், எந்த நாட்டிலும் ஒன்றும் செய்ய முடியாது.

எவ்வளவு நாளில் தெரியும் என்று கேட்டேன். மாதக்கணக்கு ஆகலாம். பாப்பாவைத் தூக்கலாமா என்று கேட்டேன். இப்போது உனக்கு நோய் இல்லை, தூக்கு என்றார்.

மறுபடி ஊசி 1.

மார்ச் 20, புதன்

ஊசி 3. சாக்கட்டி வந்தது, ஒரு பெட்டிதான். வகுப்பில் காரணமில்லாமல் ஒரு பிள்ளையை அடித்துவிட்டேன். பிறகு கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டேன். அவள் இன்னும் பயந்துபோனாள்.

டாக்டர் தூக்கலாம் என்று சொல்லியும் பாப்பாவைத் தூக்கவில்லை.

காலையில் தண்ணீர் குடித்தால் கமலம் என் தொண்டையையே பார்க்கிறாள். இறங்குகிறதா என்று. பார்க்காததுபோல் பார்க்கிறாள். நாயைக் கண்ணால் பார்த்துவிட்டு வரச் சொன்னவள். அதற்கு நான் கத்தினேனே, அதை ஒரு தடவைகூடச் சொல்லிக்காட்டவில்லை.

நாய் கடித்ததில் எனக்குக் கோபமில்லை. அது நாய். துரை யாரோ. தினமும் என் வாசலில் வந்து நின்று என் முகத்தைப் பார்த்துப் பொய் சொன்ன மனிதரைத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை. யாரிடமாவது போய் அழலாம் என்றால், அழுவதற்கு எனக்கு இருந்ததும் அவர்தான்.

மார்ச் 23, சனி

ஊசி 6. மத்தியானம் நல்ல மழை.

மழை விட்டதும் அண்ணன் வந்தார். கையில் ஒரு பை கொடித்தோடம்பழம். கமலம் வாங்கவில்லை. உட்காரச் சொல்லவுமில்லை. அவராகவே வாங்குப் பலகையில் உட்கார்ந்தார். ஒரு கையை வயிற்றில் வைத்து, மறு கையைப் பலகையில் ஊன்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, பாதி பாதியாக.

அப்படி உட்காருகிறவன் இந்தத் தோட்டத்தில் நான் ஒருவன்தான் என்று நினைத்திருந்தேன்.

"சட்டயத் தூக்குங்க அண்ணே."

"வேணாம்டா."

நானே தூக்கினேன். தொப்புளுக்கு இரண்டு பக்கமும் கட்டிகள். பழையவை மஞ்சளாக, கடைசி இரண்டும் இன்னும் சிவப்பாக. கமலம் கிட்டே வந்து பார்த்தாள். எண்ணினேன். பதினான்கு. எனக்கு ஐந்து போதும் என்றவர்.

"தொர கண்டியில இருந்து மருந்து கொண்டாந்து ஐஸ் பொட்டியில வச்சாரு. வீட்டுக்குள்ள நாயோட பழகுனவங்களுக்கு. தோட்டத்து டிஸ்பென்சர் ஐயா பங்களாவுக்கே வந்து குத்துனாரு. ஒன்னயும் கடிச்சிருச்சுன்னு சொல்ல வாய் வரலடா."

"எப்ப ஆரம்பிச்சீங்க?"

"நாயி செத்த மறுநா."

மறுநாள் சனிக்கிழமை. டாக்டர் என் ஊசியை நிறுத்திய நாள்.