உறைக்குள் மஞ்சள்

அன்புள்ள அம்மா,

முழங்கால் வலி குறைந்ததா? நான் சுகம். போனில் கதைத்தால் அழுதுவிடுவேன், அதுதான் எழுதுகிறேன்.

பெர்கனில் தமிழ்ப் புத்தகக்கடை இல்லாததால் ஒன்லைனில் ஒரு புத்தகம் எடுப்பித்தேன். சுன்னாகத்துக் கடையில் வாங்கிவரும் ஒவ்வொரு புத்தகத்துக்கும் அப்பா, "மஞ்சள் வைக்காமல் திறக்காதை, தயா" என்று நாலு மூலையிலும் தானே பூசித் தருவாரே. நேற்றுப் புதுப் புத்தகத்தின் பிளாஸ்டிக் உறையை நானே வெட்டினேன். நாலு மூலையிலும் மஞ்சள். தொட்டேன், ஈரமாக விரலில் ஒட்டியது. அச்சகத்தில் ஆரோ சாப்பிட்ட கையோடு தொட்டிருப்பினம் என்று சிரித்துவிட்டேன்.

பயப்படாதேங்கோ. அப்பா போய் இரண்டு வருடமாக அவருடைய மஞ்சள் கிண்ணத்தை ஒருவரும் தொடவில்லை என்றீர்கள். அது காய்ந்துதான் கிடக்கிறதா என்று ஒருக்கால் பார்த்து எழுதுங்கோ.

வேலைக்குப் பஸ் வந்துவிட்டது.

உங்கள் மகள்
தயாளினி