மூக்கனை அனுப்பும் விஷயம்

மார்ச் 4

அன்புள்ள மூக்கனின் அப்பாவுக்கு,

நலம்தானே? கல்லூரி நூலகத்துக்குப் பக்கத்திலேயே எனக்குத் தரைத்தள வீடு கிடைத்துவிட்டது. பின்னால் சின்ன முற்றமும் உண்டு. போன வருஷம் சண்டை போட்டுக்கொண்டு நான் கிளம்பியபோது, "இடம் பாத்துட்டு சொல்லு, நாயை அனுப்பிடறேன்" என்றீர்கள். பார்த்துவிட்டேன். கடையை விட்டு நீங்கள் வர வேண்டாம், வாடகைக் காரில் அனுப்புங்கள்.

எட்டு மணி நேரப் பயணம். கூண்டை இப்போதே கூடத்தில் திறந்து வையுங்கள். அவனாகப் போய்ப் படுத்துப் பழகட்டும். நான் போட்டுக் கழற்றிய துப்பட்டாவை இத்துடன் அனுப்புகிறேன், உள்ளே விரியுங்கள். என் வாசனை இருந்தால் பயப்படமாட்டான். உங்கள் காரில் ஏற்றிப் பழக்குங்கள்: முதலில் தெருமுனை வரை, பிறகு கொஞ்சம் தூரம். ஜன்னலில் தலை நீட்ட விடாதீர்கள். செல்லம் கொடுப்பீர்கள், தெரியும்.

மூக்கனின் அம்மா

மார்ச் 15

அன்புள்ள மகராசிக்கு,

துப்பட்டா வந்தது. என்னைப் போல ஒரு சலவைக் கடைக்காரன் கையில் அழுக்குத் துணி கிடைத்தால் சும்மா இருப்பானா? துவைத்து, இஸ்திரி போட்டு விரித்துவிட்டேன். மூக்கன் மோந்து பார்த்தான், என்னை ஒரு முறை முறைத்தான், போய்விட்டான். அப்புறம்தான் எனக்கு உறைத்தது. வேறு வழியில்லாமல் என் வேர்த்த சட்டையைப் போட்டேன். இப்போது கூண்டுக்குள்ளேயே குறட்டை.

காரில்தான் முதல் நாளே வாந்தி. இன்னும் ஒரு மாசம் போகட்டும் என்கிறார் டாக்டர்.

மூக்கனின் அப்பா

ஏப்ரல் 20

அன்புள்ள உங்களுக்கு,

அதற்குப் பிறகு வந்த இரண்டு கடிதங்களிலும் அதே "இன்னும் ஒரு மாசம்". நேற்று நானே டாக்டருக்கு ஃபோன் செய்தேன். தடுப்பூசிச் சான்றிதழ் எப்போதோ தயாராம். "உங்க வீட்டுக்காரர் தினமும் ஒரு மணி நேரம் அதைக் கார்ல சுத்திக் காட்டறாரும்மா. ஜோரா உக்காந்து வருது" என்று சிரிக்கிறார்.

கோபப்படத்தான் உட்கார்ந்தேன். வரவில்லை. வேலை முடிந்து வந்து, யாரும் ஓடிவராத கதவைத் திறப்பது எப்படி இருக்கும் என்று ஒரு வருஷமாக எனக்குத் தெரியும். அதை உங்களுக்குக் கொடுக்க மனம் வரவில்லை. மூக்கன் அங்கேயே இருக்கட்டும். பொய் மட்டும் வேண்டாம்.

மூக்கனின் அம்மா

ஏப்ரல் 27

அன்புள்ள உனக்கு,

பொய்தான். மன்னித்துவிடு.

ஞாயிற்றுக்கிழமை விடியும்போதே, வெயில் ஏறுமுன் கிளம்புகிறோம். டிரைவர் வேண்டாம், நானே ஓட்டுகிறேன். அவனுக்குக் காலையில் சாப்பாடு கிடையாது, தண்ணீர் மட்டும். கூண்டைப் பின் சீட்டில் பெல்ட் போட்டுக் கட்டிப் பார்த்தேன், அசையவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை நிறுத்துவேன். கயிறு மாட்டிய பிறகுதான் கதவைத் திறப்பேன். கழுத்துப் பட்டையில் உன் ஃபோன் நம்பரைப் பொறித்தாயிற்று.

புது வீட்டில் நாய்க்குப் பயம் தெளியும்வரை, பழகின ஆள் ஒருவர் கூட இருக்க வேண்டும். கடைச் சாவியைத் தம்பியிடம் கொடுத்துவிட்டேன். எத்தனை நாள் ஆகும் என்று டாக்டரைக் கேட்கவில்லை.

நீயே சொல்.

மூக்கனின் அப்பா