கடைசி நான்கு நொடிகள்

மார்ச் 4

கூடைப்பந்துச் சங்கத்தின் புகழ்ச்சுவரில் இடம்பெறும் பெயர்களைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் என்னையும் சேர்த்திருக்கிறார்கள். சுவரில் என் பெயர் ஏற்கெனவே இருக்கிறதே, அந்த மரியாதை!

பட்டியலில் எங்கள் பழைய கேப்டன், உயரத்துக்காக நாங்கள் 'ஒட்டகம்' என்று கூப்பிடும் அக்கா. இரண்டு முறை தள்ளுபடியான பெயர். இருபத்தாறு வருஷத்துக்கு முன் இறுதி ஆட்டத்தின் கடைசி நான்கு நொடிகளில், ஒரு புள்ளி பின்தங்கி நின்றபோது, தானே எறியாமல் பந்தை என்னிடம் தள்ளிவிட்டாள். என் எறி தவறியது, தோற்றோம். ஒன்பது வருஷ ஆட்டம் காற்றோடு போய், 'பயந்தாங்கொள்ளி' மட்டும் நிலைத்துவிட்டது. அப்போது ஒரு பேட்டியில் நானும் சொன்னேன்: "அக்கா போட்ட பாஸ் முழங்காலுக்கு வந்துச்சு."

மார்ச் 9

சங்கத்து கிளார்க் அந்த ஆட்டத்தின் வீடியோவை எங்கோ தேடிப்பிடித்து அனுப்பியிருக்கிறார்.

மார்ச் 10

ஐயோ.

அக்காவை மூன்று பேர் மறித்து நிற்கிறார்கள். நான் தனியாக, கூடைக்குப் பக்கத்தில். பாஸ் என் நெஞ்சுக்கு நேரே வருகிறது. நான் எங்கே பார்க்கிறேன்? கடிகாரத்தை! பந்து கையில் பட்டு முழங்காலுக்கு நழுவுகிறது. அங்கிருந்து அள்ளி எறிகிறேன்.

பதினோரு தடவை பார்த்துவிட்டேன். நான் பொய் சொல்லலை. சத்தியமா அப்படித்தான் ஞாபகம். எப்படி? எப்படி இது நடந்தது?

மார்ச் 11

"படமே மங்கலா இருக்கு, யாரு கவனிக்கப்போறா? விடு" என்கிறார் என் வீட்டுக்காரர். பன்னிரண்டாவது தடவை ஓட்டிப் பார்த்தேன்.

மார்ச் 14

"பெரிய ஆட்டத்துல பயந்தவங்களுக்குச் சுவர்ல என்ன வேலை?" என்று ஆரம்பித்தார் குழுத் தலைவர். வீடியோவை ஓட்டி நிறுத்தினேன். "கடிகாரத்தைப் பாக்கறது நான்தான், சார்."

ஓட்டெடுப்பில் அக்கா பெயருக்கு எல்லோரும் கை தூக்கினார்கள்.

மார்ச் 15

அக்காவுக்கு போன் செய்து அழுதேன். அவள் சிரிக்கிறாள்!

"அன்னிக்கே பார்த்தேன்டி, கொசு."

"ஏன்க்கா சொல்லலை?"

"ரெண்டு வாரம் நீ பந்தையே தொடலை. அதையும் சொல்லியிருந்தா ஆட்டத்தையே விட்டிருப்பே."

அதற்குப் பிறகு எட்டு வருஷம் ஆடினேன். அந்த எட்டு வருஷத்துக்காகத்தான் என் பெயர் சுவரில் இருக்கிறது.

மே 2

அக்காவின் பெயர்ப்பலகையைச் சுவரில் மாட்டினார்கள். கைதட்டல் ஓய்வதற்குள், ஓரத்தில் கிடந்த பந்தை அக்கா எடுத்து, சொல்லாமல் கொள்ளாமல் என்னை நோக்கி எறிந்தாள். நெஞ்சுக்கு நேரே.

பிடித்துவிட்டேன்.