மாடிவீட்டுக்கு மீதமுள்ள ஆண்டுகள்

14 ஜனவரி 2018, ஞாயிறு

வறுத்த ரொட்டி, மார்மலேட். ஹேஸ்டிங்ஸ் கடல் என் அனுமதி கேட்காமல் இரைந்துகொண்டிருந்தது. பிரையனி வந்தாள். மறைந்துபோன என் அக்காவின் மகள். எனக்குப் பின் இந்த மாடிவீட்டின் மகாராணி. வீட்டுப் பத்திரத்தைப் புரட்டியவள் முகம் சுருங்கியது.

"மாமா, மார்ச் இருபத்தஞ்சு தாண்டினா உங்க குத்தகை எண்பது வருஷத்துக்குக் கீழ போயிடும். தெரியுமா?"

"எண்பதா! அதுக்குள்ள நான் மூணு தடவை செத்துடுவேனே."

"நீங்க செத்துடுவீங்க. வீடு என்கிட்டதானே வரும்? எண்பதுக்குக் கீழ போனா நீட்டிக்கிற விலை எகிறிடும். நீட்டாம விட்டா, போகப் போக எவனும் வாங்க மாட்டான், வங்கியும் கடன் தராது. அப்புறம் அது வீடில்ல, புறாக்கூடு."

உண்மைதான். நான் வாங்கியது வெறும் சுவர்களை, அதுவும் தொண்ணூற்றொன்பது வருஷத்துக்கு. மனை கீழ்வீட்டு வில்ஃப் ஓர்மராடுடையது. அவர் என் நிலப்பிரபு. நான் பத்தொன்பது வருஷமாக அவர் தலைமேல் நடப்பவன்.

16 ஜனவரி

இரண்டு வீட்டுக்கும் பொதுவான வாசல் கூடத்தில் வில்ஃபை மடக்கி விஷயத்தைச் சொன்னேன். மனிதர் வேகவைத்த நண்டாகச் சிவந்துவிட்டார். "யோவ் பார்னி, பணப் பேச்செல்லாம் மூஞ்சிக்கு நேரா பேசுறதாய்யா? முறைப்படி வக்கீல் மூலமா வா."

நாற்பது வருஷம் கடற்கரை அரங்கில் பிங்கோ சூதாட்டத்துக்கு எண்களைக் கூவியவன் நான். என் குரலுக்குக் கடலுக்கு அந்தப்பக்கம் பிரான்ஸில் நாய்கள் குரைத்தன. அப்படிப்பட்ட எனக்கு ஒரு எண் சொல்ல வாய் வரவில்லை.

29 ஜனவரி

வக்கீலம்மா அடேயெமி தெளிவாகச் சொல்லிவிட்டார். குத்தகையை நீட்டிக்கக் கேட்கும் அறிவிப்பு மார்ச் இருபத்தைந்துக்கு முன் வில்ஃபுக்குப் போய்ச் சேர்ந்தால் போதும், அன்றைய கணக்கில்தான் விலை. "ஆனா விலையைப் பத்தி அவர்கிட்ட நேர்ல ஒரு வார்த்தை பேசக்கூடாது. அப்புறம், அவரோட வக்கீலுக்கும் மதிப்பீட்டாளருக்கும் கூலி நீங்கதான் தரணும்."

"என்னைக் குத்த வர்ற கத்திக்குச் சாணை பிடிக்கிற கூலியும் நானா?"

"சட்டம் அப்படித்தான் சார்."

20 பிப்ரவரி

போர் முரசு கொட்டியாயிற்று. ஒன்பதாயிரம் பவுண்டு தருகிறேன் என்று அறிவிப்பு. வக்கீலம்மா தபாலில் அனுப்பியது பொது வாசல் மிதியடியில் விழுந்து கிடந்தது. நானே எடுத்து வில்ஃப் கதவடியில் தள்ளிவிட்டு, எழுபத்திரண்டு வயதில் மானைப்போல மாடிக்கு ஓடினேன். மான் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கியது.

3 மார்ச்

வில்ஃப் "குளிர்" என்றார். நான் "ஆமாம்" என்றேன். இந்த வாரத்துப் பேச்சுவார்த்தை முடிந்தது.

11 ஏப்ரல்

வில்ஃபின் மதிப்பீட்டாளர் வந்தார். என் காசில் என் வீட்டை எனக்கு எதிராக அளந்தார். பிஸ்கட்டும் தின்றார்.

24 ஏப்ரல்

வில்ஃப் பதினேழாயிரம் கேட்கிறார். பதினேழு! மனுஷனா அவன்? என்கிட்ட சுரண்டி எடுத்தாலும் பதினொண்ணுதான் தேறும். பிரையனியிடம் எப்படிச் சொல்வேன்? தீர்ப்பாயம் போகலாமாம். போக யாரிடம் காசு?

12 மே

கூடத்தில் வில்ஃப். முகத்தைப் பார்க்காமலே ஒரு குத்தல்: "உன் வக்கீலுக்கு நல்லா அள்ளிக் கொடுக்கிறபோல."

"என் வக்கீலுக்கு மட்டுமா? உன் வக்கீலுக்கும் நான்தான்யா தர்றேன். பிஸ்கட் தின்னுட்டுப் போனானே, அவனுக்கும்!"

"என்ன சொல்ற? செலவே இல்லன்னுதானே என் ஆளு சொன்னான்."

"உனக்குச் செலவில்ல!"

வில்ஃப் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். மதுக்கடையில் அவர் குடித்த பீருக்கு இன்னொருவனைக் காசு கொடுக்க விட்டதை யாரும் பார்த்ததில்லை.

"என் சண்டைக்கு நீ கூலி குடுக்கறியா? அசிங்கம்யா. ஏன்யா சொல்லல?"

"பேசக்கூடாதுன்னாங்க."

"எனக்கும் அதையேதான் சொன்னானுங்க."

பிறகு கேட்டார்: "உன்கிட்ட எவ்வளவு இருக்கு?"

"பதினொண்ணு." கூவவில்லை, முணுமுணுத்தேன்.

"அப்ப பதினொண்ணு. போய் உன் வக்கீலம்மாகிட்ட சொல்லு, நானும் சொல்றேன். இனிமே ஒரு கடுதாசியும் வேணாம்."

6 செப்டம்பர்

பதிவு முடிந்தது. தொண்ணூறு வருஷம் கூடி, குத்தகை 2188 வரை. மனைக்கு நான் வில்ஃபுக்குத் தரும் வாடகை இனி, கேட்டால் மட்டும், ஒரு மிளகு; அதாவது சும்மா. பத்திரத்தில் நிஜமாகவே அப்படித்தான் இருக்கிறது. பிரையனி இரண்டு முறை படித்துவிட்டு என்னைக் கட்டிக்கொண்டாள். விலா எலும்பில் பதினாறு முறிந்திருக்கும்.

9 அக்டோபர்

விடிந்ததும் வீட்டைச் சுற்றிச் சாரம் கட்டுகிறார்கள். வில்ஃப் கூரை முழுவதையும் மாற்றுகிறாராம். என் பதினோராயிரம் என் தலைக்கு மேலேயே ஏறிக்கொண்டிருக்கிறது. பத்திரப்படி கூரைச் செலவில் பாதி மாடிவீட்டுக்காரன் பொறுப்பு. என்னிடம் இப்போது பாதி ஓடு வாங்கக்கூட வழியில்லை. ஆனாலும் இறங்கிப் போனேன்.

"வில்ஃப், அந்தப் பாதி—"

அவர் சாரத்தை அண்ணாந்து பார்த்தபடியே, "மேல நாலு பேர் நிக்கறாங்க. எல்லாருக்கும் டீ போடு," என்றார். "ஆளுக்கு ரெண்டு சர்க்கரை."

போட்டேன்.