அடுப்படியில் இருந்த கேமரா

மாமி,

உங்களிடம் சொல்லாமல் அடுப்படியில் மாட்டிய கேமராவைக் கழற்றிவிட்டேன். நேற்று கடையிலிருந்து போன் செய்து, பால் பொங்குகிறது என்றேன். "அங்க குந்திக்கினு உனக்கு எப்டி மாப்ள தெரியும்?" என்று கேட்டீர்கள். போனை வைத்துவிட்டேன்.

குழந்தை முஹ்சினாவைப் பார்த்துக்கொள்ளத்தான் மாட்டினேன். ஆனால் குழந்தை தூங்கும்போதும் பார்த்துக்கொண்டே இருந்தேன். பின்னாலிருந்து நீங்கள் உங்கள் மகளைப் போலவே இருக்கிறீர்கள். அவள் மௌத்தாகி நம்மை விட்டுப் போன பிறகு எனக்கு வேறு எதுவும் பார்க்கத் தோன்றவில்லை. கேட்காமல் பார்த்தது தப்பு. வெட்கமாக இருக்கிறது.

உங்கள் ஊர் மணலூர்பேட்டைக்குக் கிளம்பக் கட்டிய பையைப் பிரித்துவிடுங்கள். திட்டுவதானால் இங்கேயே இருந்து திட்டுங்கள். குழந்தைக்கு ரசஞ்சோறு போதும், இருமுகிறாள்.

சாதுல்லா

நேற்று அந்தப் போனுக்குப் பிறகு தோசை சுடும்போதும் முக்காட்டை இறுக்கிக்கொண்டு நின்றீர்கள். நெருப்புப் பக்கம் அது வேண்டாம் மாமி. அங்கே இனி யாரும் பார்க்க மாட்டார்கள்.