சாவு வூட்டுக்கு வந்த அதிகாரி

அன்பு மகன் செங்குட்டுவனுக்கு வியாசர்பாடியிலருந்து அம்மா எழுதுறது, நானும் நைனாவும் நல்லா கீறோம், கத்தார்ல வெயில் ஜாஸ்தின்றாங்களே, நீ எப்படி கீற, வேளைக்கு துன்றியா.

போன்ல சொன்னா பத்தாது, அதான் எழுதுறேன். பாட்டு, மேளம்னு கலை செய்றவங்களுக்கு கவர்மென்ட்ல வாத்தியம் தராங்க, விழாவுல பாட வைக்கிறாங்கன்னு கேட்டு நைனா மனு போட்டாரு. கச்சேரி பண்ண போட்டோ, நோட்டீஸ் இருக்கான்னு கேட்டாங்க. முப்பது வருசமா சாவு வூட்ல கானா பாடுற மனுசன், அதுக்கு யாரு நோட்டீஸ் அடிப்பா? அங்க கார்குழலின்னு ஒரு அதிகாரி, உன் வயசுதான் இருக்கும், பேப்பர் இல்லன்னு தொரத்தாம, அடுத்து எங்க பாடுறீங்க, நானே வந்து கேக்குறேன்னு சொல்லிச்சாம். சாவுக்கு தேதி சொல்ல முடியுமாம்மான்னு நைனா கேட்டதுக்கு, தன் நம்பரை எழுதிக் குடுத்துச்சாம்.

ரெண்டு வாரத்துல எதிர்வூட்டு மாரியப்பன் மாமா போயிட்டாரு, ஹார்பர்ல மூட்டை தூக்குனாரே, அவருதான். தோஸ்து சாவுல போய் சான்று வாங்குறதான்னு நைனா போன் பண்ண மாட்டேன்னுட்டாரு. மாமா பொண்டாட்டிதான் அழுதுக்கினே, கூப்பிடுண்ணா, அந்த மனுசன் செத்தும் உனுக்கு ஒரு உதவி பண்ணட்டும்னு சொல்லிச்சு. அந்தப் பொண்ணு மத்தியான வெயில்ல பஸ் புடிச்சி வந்து, மாமாவுக்கு மாலை போட்டு, எங்களோட தரையில உக்காந்து மூணு மணி நேரம் கேட்டுச்சு. மாமா மூட்டை தூக்குனது, சீட்டாட்டத்துல ஏமாத்துனது எல்லாத்தையும் நைனா அங்கயே பாட்டா கட்டிப் பாட, அந்தப் பொண்ணு நோட்டுல எழுதுறத நிறுத்திட்டு கண்ணைத் தொடச்சிக்கினு கீது. எத்தினி ஆபீசரு இப்படி வருவாங்க சொல்லு.

வாத்தியம் வர நாளாச்சுதான், ஆனா வந்துச்சு, புது டோலக்கு. போன ஞாயித்துக்கெழம ராயபுரத்துல கவர்மென்ட் கலை விழா, கானா கலைஞர் அசோகன்னு மைக்குல கூப்பிட்டாங்க. நைனா அன்னிக்கு மாரியப்பன் மாமாவுக்குக் கட்டுன பாட்டையே பாடுனாரு. முடிஞ்சதும் மாமா பொண்டாட்டி மொதல்ல எழுந்து நின்னு கை தட்டுச்சு, அப்புறம் மைதானமே எழுந்துச்சு. சாவு வூட்ல அழுவான், விசிலடிப்பான், எழுந்து நின்னு யாரு தட்டியிருக்கா? நைனா மேடைய வுட்டு எறங்கத் தெரியாம டோலக்கைக் கட்டிப் புடிச்சிக்கினு அங்கயே நின்னுட்டாரு, அந்த கார்குழலிதான் கையப் புடிச்சி எறக்கி வுட்டுச்சு.

ஒடம்பப் பாத்துக்கோ, தண்ணி நெறைய குடி, நாங்க கும்புடுற புத்தரும் பாபாசாகேப்பும் உனுக்குத் தொணையா இருப்பாங்க. ஒண்ணு மறக்காத, விசா புதுப்பிக்கிற பாரத்துல அப்பா தொழில் கேட்டா எப்பவும் போல கூலின்னு போடாத, கானா கலைஞருன்னு போடு, எழுத்துப் பிழை இல்லாம.

ஜெய்பீம்.
உன் அம்மா
அ. ரமாபாய்