பெண்பிள்ளையின் வாப்பா

வாப்பா,

இன்று பகல் லுஹர் தொழுதுவிட்டு வீட்டுக்குள் நுழைந்தபோது ஹோலில் உங்கள் மணம் நின்றது. சவர்க்காரம், பால்மா, அத்தர், புதுத் துவாய் எல்லாம் ஓர் அட்டைப் பெட்டிக்குள் பல நாள் ஒன்றாக அடைபட்டுக் கிடந்தால் வருகிற மணம். கட்டாரிலிருந்து மச்சான் லீவில் வந்திருக்கிறார், என் மனைவியின் மூத்த சகோதரர். ஹோலின் நடுவில் குந்தியிருந்து பெட்டியில் சுற்றிய டேப்பைக் கத்தியால் கிழித்துக்கொண்டிருந்தார். என் கூட்டாளிகளுக்கு வாப்பா என்றால் வியர்வை, மீன், வயல் சேறு. எனக்கு வாப்பா என்றால் அந்தப் பெட்டிதான்.

பெட்டிக்குள் என் மகளுக்குச் சட்டைகள் இருந்தன. அவள் பிறந்து இன்னும் நாற்பது நாள் முடியவில்லை. மச்சான் ஒவ்வொரு சட்டையாக விரித்துக் காட்டிக்கொண்டே, எனக்குக் கொண்டுவந்ததையும் சொன்னார். வேலை விசா. அவருடைய கம்பனிக்கு என்னைப் போல ஏசி திருத்தத் தெரிந்த ஆள் தேவையாம்.

"நாளைக்கி விடிய சுபஹுத் தொழுதிட்டு வேன் வரும் மச்சான். கொழும்புக்குப் போய் மெடிக்கல முடிச்சிட்டா மிச்சத்த நான் பார்த்துக்கிறன். பின்னேரம் அஸருக்குப் பிறகு ஏஜென்சிக்காரன் கோல் எடுப்பான். நீங்க ஓம் எண்டு மட்டும் சொல்லுங்க."

ஓம் என்று மட்டும் சொன்னால் போதும். எவ்வளவு லேசான வேலை பாருங்கள்.

மாமா கதிரையில் சாய்ந்திருந்தார். கடைசிச் சட்டையை வாங்கி மடியில் வைத்துத் தடவிவிட்டு, "பொம்புளப் புள்ள கிடைச்சிரிக்கி. இனி அதுக்கொரு வூடு வேணும்" என்றார். அதற்கு மேல் அவர் சொல்லத் தேவையில்லை. நான் இப்போது இருக்கிற வீடே அவர் மகளுக்காகக் கட்டிக்கொடுத்ததுதான். எங்கள் கலியாணத்தோடு மாமாவும் மாமியும் பின்வளவில் போட்ட சின்ன வீட்டுக்கு மாறினார்கள். நான் உடுப்புப் பையோடு முன்வாசலால் வந்தேன். ஊர் வழக்கப்படி வீட்டை வாங்கிக்கொண்டவன், கொடுக்கிற முறை வரும்போது மட்டும் எந்த வாயால் நியாயம் பேசுவது? மாமா ஊருக்கு முன்னால் நிமிர்ந்து நடக்கிறார். அவர் கட்டி முடித்தவர்.

மகளைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போய் இருந்தேன். அஸருக்கு இன்னும் நேரம் இருந்தது. உங்களிடம் கேட்க வேண்டும் போலிருந்தது. கேட்கிற நேரத்தில் நீங்கள் எப்போதும் இருந்ததில்லை, இப்போதும் இல்லை. இதைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன் வாப்பா. மண்ணுக்குள் போனவரோடு கோபிப்பது பாவமென்று உம்மா சொல்லுவா. சொல்லட்டும்.

இவள் பிறந்த அன்று, ஆஸ்பத்திரி நடைபாதையில், துணியில் சுற்றித் தந்த கையோடு இவள் காதில் நான்தான் பாங்கு சொன்னேன். என் காதில் பாங்கு சொன்னது மூத்தப்பா, உம்மாவின் வாப்பா. நீங்கள் அப்போது ரியாதில் லொறி ஓட்டிக்கொண்டிருந்தீர்கள். சைக்கிள் பழக்கியது உம்மாவின் தம்பி, சின்ன மாமா. பெருநாளைக்குச் சாரன் உடுத்திவிட்டது மூத்தப்பா. பள்ளிக்கூடத்தில் வாப்பாவைக் கூட்டிக்கொண்டு வா என்றால், அன்று வேலையில்லாமல் நிற்பவர் யாரோ அவர் வருவார். ஆளுக்கொரு துண்டாக எனக்கு வாப்பாமார் இருந்தார்கள். எல்லாரும் நல்லவர்கள், நான் பார்த்து வளர்ந்தது அவர்களைத்தான். ஆனால் என்னை அடிக்க யாருக்கும் கை வராது. தகப்பன் கடலுக்கு அங்கால இருக்கிற பிள்ளை, ஏசவே யோசிப்பார்கள். வாப்பாவிடம் அடி வாங்கிவிட்டு வந்த கூட்டாளியைப் பார்த்து நான் பொறாமைப்பட்டிருக்கிறேன் என்றால் சிரிப்பீர்களா?

அதனால்தானோ என்னவோ, இவள் வீறிட்டு அழும்போது என் கை தடுமாறுகிறது. தலையை இப்படித் தாங்குவதா, முதுகை அப்படித் தட்டுவதா என்று ஒவ்வொரு தடவையும் புதிதாக யோசிக்க வேண்டியிருக்கிறது. உங்கள் கையைப் பார்த்த ஞாபகம் இருந்தால் அதைப் போலச் செய்துவிடலாம்.

நீங்கள் லீவில் வந்த ஒரு தரம் என்னைப் பார்க்கப் பள்ளிக்கூடத்துக்கு வந்தீர்கள். புதுச் சேட்டு, கறுப்புக் கண்ணாடி, கையில் ஒரு பை நிறைய டொபி. ஐந்தாம் வகுப்பு வாசலில் நின்று என்னைத் தேடியிருக்கிறீர்கள். நான் ஏழில் இருந்தேன். டீச்சர்தான் உங்களைக் கூட்டிக்கொண்டு வந்தா. வகுப்பே சிரித்தது. நீங்களும் சிரித்துக்கொண்டே என் தோளில் கை போட்டு, "என்ன மனே, இவ்வளவு வளர்ந்திட்ட, சொல்லவும் இல்ல" என்றீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த டொபியை எல்லாரும் தின்றார்கள், நானும் தின்றேன், இனித்தது, அதுவே பெரிய ஆத்திரமாக இருந்தது.

அந்தத் தரம் போகும்போதுதான், அடுத்த வருஷம் வந்தால் நின்றுவிடுவேன் என்று சொன்னீர்கள். உங்கள் மூத்த பிள்ளைக்கென்று, என் ராத்தாவுக்கென்று, கட்டிய வீடு முடிந்துவிட்டது. கடற்கரை வீதியில், மாபிள் போட்ட வீடு. ஜன்னல்களுக்குப் பெயின்ட் மட்டும் பாக்கி. நான் அந்தப் பெயின்ட் எப்போது அடிபடும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பெயின்ட் அடிபடவில்லை. கடல் வந்தது. மூத்தப்பாவின் வயல் பக்கம் போயிருந்ததால் நாங்கள் தப்பினோம், ராத்தாவின் வீடு நின்ற இடத்தில் மாபிள் தரை மட்டும் கிடந்தது. லைன் கிடைக்காமல் நீங்கள் அங்கே என்ன பாடு பட்டிருப்பீர்கள் என்று இன்றைக்கு யோசித்தால் நெஞ்சு வலிக்கிறது. கடைசியில் அகதி முகாமில் யாரோ ஒருவருடைய ஃபோனுக்கு எடுத்தீர்கள். ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி, இருக்கிறாரா, இருக்கிறாரா என்று கேட்டீர்கள். எல்லாரும் இருக்கிறோம் என்று உம்மா சொன்னா. பிறகு ஃபோன் என் கைக்கு வந்தது.

"வூடு போனாப் போகட்டும் மனே. மறுகா கட்டுவம்."

உம்மாவுக்கு அது ஆறுதல். எனக்கு வேறொன்று விளங்கியது. அடுத்த வருஷம் நீங்கள் வரப்போவதில்லை. அடுத்த வருஷம் மட்டுமல்ல, நான் மீசை முளைத்து, ஏசி மெக்கானிக் வேலை பழகி, சொந்தக் காலில் நிற்கும்வரை வரவில்லை. ராத்தாவுக்கு இரண்டாவது வீடும் எழும்பியது, கடலை விட்டுத் தள்ளி.

நிரந்தரமாக வந்த பிறகு ஒன்று கவனித்தேன். வீட்டுக்குள் வருவதற்கு முன்னால் நீங்கள் இருமுவீர்கள். அந்நிய ஆண் ஒருவர் வந்தால் உள்ளே இருக்கிற பெண்கள் முந்தானையைச் சரிசெய்துகொள்ளட்டும் என்று இருமுவாரே, அப்படி. உங்கள் மனைவியும் மகளும் இருக்கிற வீட்டில். யாரும் உங்களை இருமச் சொல்லவில்லை. இருமாமல் வாங்க என்றும் யாரும் சொல்லவில்லை, நான் உட்பட.

உங்களுக்குச் சுகமில்லாமல் போய், கல்முனைக்கு டொக்டரிடம் ஆட்டோவில் கூட்டிப்போன ஒரு நாள், துணிந்து கேட்டுவிட்டேன். "ராத்தாட வூடு முடிஞ்ச பிறகும் ஏன் வாப்பா அங்கயே நிண்டீங்க?" நீங்கள் வெளியே பார்த்துக்கொண்டே சொன்னீர்கள்.

"முதல் தரம் போறதுக்குத்தான் பயமா இரிந்திச்சி மனே. மறுகா வாறதுக்குப் பயம். நான் இல்லாம இரிக்க நீங்க எல்லாரும் பழகிட்டீங்க. வூட்டுக்கு வந்தா எனக்கொரு வேலையும் இல்ல, எங்க இரிக்கிற எண்டும் தெரியா. அங்க லொறியாவது இரிந்திச்சி."

அதுவரை எல்லாவற்றுக்கும் அந்த வீடுகள்தான் காரணம் என்று நான் அவற்றைத் திட்டிக்கொண்டு திரிந்தவன். நீங்கள் எங்களுக்குப் பயந்திருக்கிறீர்கள். பதினைந்து நிமிஷ ஆட்டோப் பயணத்தில் என் வாப்பாவை முதல்முறையாகக் கண்டேன். அதற்குப் பிறகு நீங்கள் நெடுநாள் இருக்கவில்லை.

அஸர் தொழுதுவிட்டு அறைக்குள் போனேன். மனைவி மகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். நீ என்ன சொல்கிறாய் என்று கேட்டேன்.

"நான் போங்க எண்டாலும் பிழ, நில்லுங்க எண்டாலும் பிழ. உங்கட விருப்பம். ஒண்டு மட்டும் சொல்றன், கோவிக்காதீங்க. போறதெண்டா, இவளுக்காகப் போறன் எண்டு சொல்லிப்போட்டுப் போகாதீங்க. வளர்ந்த பிறகு அந்தப் பாரத்த இவள்தான் சுமக்கணும்."

அப்படிச் சொல்லிவிட்டுப் பிள்ளையை என் கையில் தந்தாள். ஹோலுக்கு வந்தேன். மாமாவும் மச்சானும் தேத்தண்ணிக் கோப்பையோடு இருந்தார்கள். மேசையில் மச்சானின் ஃபோன். அது எப்போது அடிக்கும் என்று மூன்று பேரும் பார்த்துக்கொண்டு, மூன்று பேரும் நெல் விலையைப் பற்றிக் கதைத்தோம். போனால் இரண்டு தட்டு வீடே கட்டலாம். நின்றால், ஏசி திருத்துகிற வருமானத்தில் அத்திவாரத்துக்கே எத்தனை வருஷம் என்று எனக்குத் தெரியாது. மகளைப் பெண் கேட்டு வருகிற நாளில் வாசலில் நிற்பவர்களுக்கு நான் எதைக் காட்டுவேன்?

ஃபோன் அடித்தது. மச்சான் எடுத்து ஸ்பீக்கரில் போட்டு என் முன்னால் நீட்டினார்.

"இல்ல, நான் வரல்ல" என்றேன். "வேற ஆளப் பாருங்க."

ஏஜென்சிக்காரன் ஏதோ சொல்லிக்கொண்டே போனான், மச்சான் அதை நிறுத்தினார். "யோசிச்சுத்தான் கதைக்கிறீங்களா மச்சான்? இந்த விசாவுக்கு நான் பட்ட பாடு தெரியுமா?" அவருடைய முகம் விழுந்துவிட்டது. அவர் நல்ல மனிதர், எனக்காகத்தான் அலைந்தார்.

மாமா கோப்பையை வைத்தார். "பொம்புளப் புள்ளட வாப்பா கதைக்கிற கதையா இது?"

"கட்டுவன் மாமா. சின்னதாக் கட்டுவன். இஞ்ச நிண்டு கட்டுவன்."

"எப்ப?"

"தெரியா."

உண்மையாகவே தெரியாது வாப்பா. பொய்யாக ஒரு காலத்தைச் சொல்லியிருக்கலாம், அவர் கொஞ்சம் ஆறியிருப்பார். மாமா எழுந்து பின்வளவுக்குப் போய்விட்டார். நாளைக்கு ஊர் முழுக்க இந்தக் கதைதான். கட்டிக்கொடுத்தவர் வீட்டில் குந்தியிருக்கிற மருமகன் என்பார்கள். அவர்கள் சொல்வதில் பிழையும் இல்லை. மாமாவின் முகத்தில் நாளைக்கு எப்படி விழிப்பது என்று இப்போதே கூச்சமாக இருக்கிறது.

சத்தத்தில் மகள் விழித்து அழத் தொடங்கினாள். மச்சான் இரண்டு கையையும் நீட்டினார், "தாங்க புள்ளய, உங்களுக்குத் தூக்கத் தெரியா." தெரியாதுதான். நான் கொடுக்கவில்லை. தோளில் போட்டு, தப்பும் தவறுமாகத் தட்டிக்கொண்டு ஹோலுக்குள் நடந்தேன். அவள் உடனே அடங்கிவிட்டாள் என்று எழுத ஆசைதான். அடங்கவில்லை, என் காதுக்குள்ளேயே கத்தினாள்.

நீங்கள் ஈட்டியதெல்லாம் ராத்தாவின் வீடாக நிற்கிறது, அது அவளுக்கு உரியது, எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை. எனக்கென்று நீங்கள் விட்டுப்போனது ஆட்டோவுக்குள் சொன்ன அந்தப் பயம்தான். அதே பயம் இப்போது என் நெஞ்சுக்குள் கிடக்கிறது. நீங்கள் அதைத் தூக்கிக்கொண்டு ரியாத் வரைக்கும் போனீர்கள். நான் அதை வைத்துக்கொண்டு இவள் கண் முன்னாலேயே பயந்துகொண்டிருக்கப் போகிறேன், வாப்பா.